கிணறு ஊற ஒரு ஞாயிறு

பிரிவதற்குக்கூட நாங்கள் வேன் வைத்துக்கொண்டுதான் போனோம். எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் துணைக்கு ஆள் வேண்டும். நிலம் கிரயம் செய்தாலும், பெண் பார்த்தாலும், பல் பிடுங்கினாலும் கூட்டமாகத்தான் கிளம்புவோம். கோயமுத்தூர் குடும்ப நீதிமன்றத்தின் சமரச மையத்தில் எங்களை முதல் அமர்வுக்கு வரச் சொன்ன அன்றும் அப்படித்தான். சென்னிமலைப் பக்கத்திலிருந்து என் வீட்டார் ஒரு வேனிலும், வெள்ளகோவிலிலிருந்து என் கணவர் வீட்டார் இன்னொரு வேனிலும் வந்து இறங்கினார்கள். எங்கள் கல்யாண மண்டபத்தில் இறங்கிய அதே ஆட்கள். இரண்டு மூன்று பேர் அதே பட்டுச்சேலையில் வந்திருந்ததையும் நான் கவனிக்காமல் இல்லை.

சமரசப் பேச்சை நடத்துகிறவர் ஒரு வக்கீலம்மா. உக்கடம் பக்கத்துப் பழைய வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், முஸ்லிம், தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி. கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏனுங்க, இத்தன பேருக்கும் ஒட்டுக்கா விவாகரத்து வாங்கித் தர என்னால ஆகாதுங்க. இதுல யாரு அந்த ரெண்டு பேரு?”

நாங்கள் இருவரும் கையைத் தூக்கினோம். என் சித்தப்பாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. “புள்ள தனியா எப்படிங்க பேசும்?” என்றார்.

“நல்லாப் பேசுவாங்கன்னு மனுவப் படிச்சாலே தெரியுதுங்க” என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா கதவைச் சாத்தினார்.

அன்று மதியம் நாங்கள் வெளியே வந்தபோது என் சித்தப்பாவும் என் கணவருடைய அக்கா வீட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முருங்கைக்காய் விலையைப் பற்றி நாயம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அக்கா கொண்டுவந்த தக்காளி சாதத்தை என் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே நாங்கள் பிரிந்துகொண்டிருக்க வெளியே அவர்கள் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். “இந்த நெருக்கத்தை மூணு வருஷத்துக்கு முந்தி காட்டியிருந்தா என்ன?” என்று அம்மாவிடம் சிடுசிடுத்தேன். “சாதம் நல்லா இருக்குது, நீயும் ஒரு வாய் சாப்பிடு” என்றாள். அடுத்த அமர்விலிருந்து வேனுக்குத் தடை போட்டுவிட்டேன்.

எங்களுக்குள் பெரிய வில்லங்கம் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. வெள்ளகோவிலுக்குத் தெற்கே அவருக்குத் தோட்டம், தென்னையும் முருங்கையும். எனக்குக் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவரால் தோட்டத்தை விட முடியவில்லை, என்னால் வேலையை விட முடியவில்லை. இதைக்கூட எப்படியாவது சமாளித்திருக்கலாம். ஆனால் நான் கோபக்காரி. என் எதிரிகளும் அப்படித்தான் சொல்வார்கள், என் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். அவரோ கோபம் வந்தால் வாயைத் திறக்கவே மாட்டார். நான் கத்துவேன், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். திரும்பி வந்தபின் நாள் கணக்கில் பேச்சு இருக்காது. சுவரோடு சண்டை போட்டால்கூட எதிரொலியாவது வரும். இப்படியே வருஷங்கள் ஓடி, சேர்ந்து வாழ முடியாது என்பதில் மட்டும் இருவரும் ஒரே கருத்துக்கு வந்தோம்.

சமரச அறையில் மேஜை வட்டமாக இருந்தது. யாரும் தலைமாட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று அப்படிப் போட்டிருக்கிறார்களாம். நடுவில் ஒரு தண்ணீர் ஜக்கும் ஒரு டிஷ்யூ டப்பாவும். அழுகிறவர்களுக்காக வைத்த டப்பாவிலிருந்து அவர் ஒவ்வொன்றாக உருவிக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே நான் நீதிபதி இல்லை, யார் பக்கம் நியாயம் என்று சொல்ல மாட்டேன், நீங்கள் பேசுவது இந்த நாலு சுவரைத் தாண்டாது, முடிவு உங்களுடையது என்று வக்கீலம்மா விளக்கினார். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல மாட்டாரென்றால் பிறகு எதற்காக வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் ஜெயிப்பதற்கென்றே இரண்டு ராத்திரி உட்கார்ந்து தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து என்னை “நீ”, “அம்மணி” என்று கூப்பிட்டவர், அன்று “நீங்க” என்று ஆரம்பித்துவிட்டார். “அவிய சொல்றதும் சரிதானுங்க” என்று என்னைச் சுட்டி வக்கீலம்மாவிடம் சொன்னார். இத்தனை வருஷம் கிடைக்காத மரியாதை நோட்டீஸ் போனவுடன் வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

முதல் இரண்டு அமர்வுகளில் நகை, பாத்திரம், பீரோ எல்லாம் முடிந்துவிட்டன. கல்யாணச் சீராக வந்த கிரைண்டரை “நீங்களே வெச்சுக்குங்க”, “இல்லீங்க, நீங்களே எடுத்துக்குங்க” என்று இருவரும் மாற்றி மாற்றித் தள்ளியதில்தான் அரை மணி நேரம் வீணானது. கடைசியில் வக்கீலம்மா, “ரெண்டு பேரும் வேண்டாம்னா நான் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்ட பிறகு அவர் எடுத்துக்கொண்டார்.

பாக்கி இருந்தது எங்கள் மகள்.

அவளுக்குப் பத்து வயது. கோயமுத்தூரில் என்னோடு இருந்து படிக்கிறாள். லீவு விட்டால் அப்பாவின் தோட்டம். அங்கே அவளுக்கு உயிர் அந்தக் கிணறுதான். போனவுடன் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்துக்கொள்வாள், அவர் பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொள்வார். “அப்பா, போன தடவைக்கு இந்தத் தடவை ஒரு படி எச்சாத் தெரியுது” என்று கிணற்றுக்குள் கத்தி, அது திரும்பி வருவதைக் கேட்டுச் சிரிப்பாள்.

அவள் என்னோடுதான் இருக்க வேண்டும் என்று நான். வருஷத்தில் பாதி தனக்கு வேண்டும் என்று அவர். இதில் இருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை. இரண்டாவது அமர்வின் முடிவில் வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “நீங்களே பேசி முடிச்சுட்டா நல்லதுங்க. இல்லீன்னா கேஸு திரும்பக் கோர்ட்டுக்குப் போகும். ஜட்ஜம்மா குழந்தையைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. நல்லவங்கதான், பதமாத்தான் கேப்பாங்க. ஆனா கேப்பாங்க.”

என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சனத்தில் குழந்தைகளிடம் கேட்பதற்கு வேறு கேள்வியே கிடையாது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கன்னத்தைக் கிள்ளி, “உனக்கு அம்மாவப் புடிக்குமா, அப்பாவப் புடிக்குமா?” என்று கேட்பார். என் மகள் சின்ன வயதிலேயே அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருந்தாள். “பரோட்டா புடிக்கும்” என்பாள். கல்யாண வீடே சிரிக்கும். அதே கேள்வியைப் போன வருஷம் ஒரு காதுகுத்தில் யாரோ கேட்டார்கள். நானும் அவரும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் பரோட்டா என்று சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய்க் கை கழுவும் இடத்தில் வாந்தி எடுத்தாள்.

அந்தக் கேள்வியை ஒரு நீதிபதி, எவ்வளவு பதமாகவும் சரி, இவளிடம் கேட்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வராந்தாவில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அந்தக் காதுகுத்துதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். டிஷ்யூவைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

மூன்றாவது அமர்வில் இரண்டு பேரும் நல்ல புத்தியோடுதான் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் தாங்கியது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு அப்பாவிடம் என்று வக்கீலம்மா ஆரம்பித்தார். நான் உடனே, போன தடவை கூட்டிப்போனபோது ஞாயிறு பொழுதோட கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டு ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார் என்று போட்டுக்கொடுத்தேன்.

“பல்லடத்துல பஸ்ஸு பஞ்சருங்க” என்றார் அவர் மேஜையைப் பார்த்தபடி.

“அது உங்க பாடுங்க. எங்கூர்ல மொறைத் தண்ணிக்குக்கூட ஒரு ஒழுங்கு இருக்குது. மடை திருப்பற நேரத்துக்குத் திருப்பிப்போடோணும்.”

இதை நான் ஓர் ஆத்திரத்தில்தான் சொன்னேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டாலும் கிணற்றைப் பிரிக்க முடியாது. ஒரே கிணறு, ஒரே மோட்டார். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை என்று தண்ணீரை நேரக் கணக்கில் பங்கு வைத்துக்கொள்வார்கள். அதுதான் முறைத் தண்ணீர். என் அப்பாவும் பெரியப்பாவும் அப்படித்தான் ஒரு கிணற்றில் இறைத்தார்கள். அவருக்கும் அவர் சித்தப்பாவோடு பங்குக் கிணறுதான்.

அவர் தலை நிமிர்ந்தது. “அப்ப கரண்டு போனா?”

“எங்கூர்ல கரண்டு போனா மொறை போச்சுங்க. அவனவன் தலையெழுத்து.”

“அதெப்படிங்க நாயம்? எங்க கெணத்துல கரண்டு போன நேரத்த அடுத்த ஆளு விட்டுக்குடுக்கோணும். பயிரு என்ன பாவம் பண்ணுச்சு?”

“விட்டுக்குடுத்துட்டே போனா அடுத்தவன் காஞ்சு போவானுங்களே!”

“காயமாட்டானுங்க! அவனுக்கு அடுத்த நடைல சேத்தி ஓட்டிக்கலாமுங்க! எங்க சித்தப்பனும் நானும் இத்தன வருசமா அப்படித்தான் ஓட்டறோம், ஒரு வார்த்த எச்சாப் பேசுனதில்லீங்க!”

அவர் மேஜையைத் தட்டினார். டிஷ்யூ டப்பா எகிறியது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அந்த மனிதர் என்னிடம் சத்தம் போட்டார். எனக்கு ஆனந்தமாக இருந்தது. நானும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலை உயர்த்தினேன். மூன்று ஃபேஸ் கரண்டு வரும் நேரம், வாய்க்காலில் தண்ணீர் போய்ச் சேரும் நேரம் யார் கணக்கில், பக்கத்து முறைக்காரன் சீக்கிரம் வந்து கிணற்று மேட்டில் நின்றால் அது மிரட்டலா இல்லையா என்று ஒன்றையும் விடவில்லை. வீட்டில் இப்படி ஒரு நாள், ஒரே ஒரு நாள், பதிலுக்குப் பேசியிருந்தால் என்று நடுவில் ஒரு கணம் தோன்றியது. தோன்றி என்ன செய்ய, கிரைண்டரே வெள்ளகோவிலுக்குப் போய்விட்டது.

வக்கீலம்மா வேகமாகக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். “ஏனுங்க, ஒரு நிமிசம். இது எந்தக் கெணறு? மனுவுல சொத்துன்னு போட்ட பக்கத்துல கெணறே இல்லீங்களே! மறைச்சுப்போட்டீங்களா?”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விவாகரத்து வாங்க வந்த இடத்தில் இரண்டு பேர் அப்படிச் சிரித்து அந்த அறை பார்த்திருக்காது. வக்கீலம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்தோம். புரிந்ததும் அவர் புதுத் தாள் எடுத்தார். “எங்க அத்தா கடைய அவங்க அண்ணன் தம்பி மூணு பேரும் இப்படித்தான் மாத்தி மாத்திப் பாத்தாங்க. சொல்லுங்க, கெணத்து நாயத்தையே சொல்லுங்க. கோர்ட்டுப் பாஷைக்கு நான் மாத்திக்கறேன்.”

அன்றைக்கு நாங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிய வேகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட நாட்கள் என் முறை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறும், லீவில் பாதியும் அவர் முறை. மடை திருப்பும் நேரம் ஞாயிறு மாலை ஆறு மணி. கரண்டு போனால், அதாவது பஸ் பஞ்சர், காய்ச்சல், பெருமழை என்றால், போன நேரத்தை அடுத்த நடையில் சேர்த்துக்கொள்ளலாம். இதில் அவர் கட்சி ஜெயித்தது. ஆனால் உடனே போன் பண்ணித் தெரிவிக்க வேண்டும். இது என் கட்சி. மோட்டார் ரிப்பேர், அதாவது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பொதுச் செலவு. தன் முறைத் தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்துக்கு விற்கக் கூடாது.

“அப்படின்னா?” என்றார் வக்கீலம்மா.

“அவரு மொறைல குழந்தைய அவரு அக்கா ஊட்டுல உட்டுப்போட்டு முருங்கைக்காய் மண்டிக்குப் போகக் கூடாதுங்க” என்றேன்.

“அவிய மொறைல புள்ளைய அம்மாயி ஊட்டுல, அவிய அம்மாகிட்ட உட்டுப்போட்டு டூட்டிக்குப் போறதும் அதே கணக்குத்தானுங்க” என்றார் அவர். வக்கீலம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஒரு வருஷமாக எந்தப் பெரியவராலும் முடியாத காரியம் ஒரே பிற்பகலில் முடிந்தது. படி இறங்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. இனி யாரும் அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. அவர் வாசலில் நின்று, “புள்ளகிட்ட ரெண்டு பேரும் ஒட்டுக்கா சொல்லிப்போடலாமுங்களா?” என்று கேட்டார். அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்தோம்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகளுக்கு முட்டை பப்ஸும் ரோஸ் மில்க்கும், எங்களுக்கு டீ. அவர் தன் கைப்பட ஒரு காலண்டர் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவருடைய முறை பச்சை, என்னுடையது சிவப்பு. கோடுகூட ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார். “நம்ம கெணத்து மொறை மாதிரியே பண்ணியாச்சு சாமி. யாருக்கும் சண்டை வராது” என்று பெருமையாக விளக்கினார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். குழந்தைக்காக இத்தனை அறிவோடு பிரிகிற அப்பா அம்மா இந்தப் பஸ் ஸ்டாண்டில் வேறு யாரும் இருக்க முடியாது என்பது என் நினைப்பு.

அவள் பப்ஸை முழுதாகத் தின்று முடித்தாள். கை துடைத்தாள். காலண்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டிக்கொண்டே போனாள். கடைசிக் கட்டம் வரை போய்விட்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தாள்.

“அப்பா, கெணறு எப்ப ஊறும்?”

“எந்தக் கெணறு சாமி?”

“இதுதான்.” காகிதத்தில் விரலை வைத்தாள். “சனி ஞாயிறு பச்சை. இங்க எல்லாம் செவப்பு. லீவுல பாதி பச்சை, பாதி செவப்பு. யாராவது ஒருத்தர் மோட்டார் போட்டுட்டே இருக்கறீங்க. அப்ப எப்ப ஊறும்?”

அவர் டீயைக் கீழே வைத்தார். எங்கள் இரண்டு கிணறுகளிலும் அமாவாசையன்று யாரும் மோட்டார் போட மாட்டார்கள். அன்றைக்கு யார் முறையும் இல்லை. கிணறு ஊறட்டும் என்று விடுகிற நாள். முறை பேசும்போது பெரியவர்கள் முதலில் அந்த நாளை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற நாட்களைப் பங்கு போடுவார்கள். அமாவாசையில் மோட்டார் ஓட்டிய ஒரு பங்காளியோடு இதே மனிதர் ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர். நானும் கிணற்றடியில் வளர்ந்தவள்தான். கரண்டு, பஞ்சர், மண்டி, டூட்டி எல்லாம் ஞாபகம் வந்த எங்கள் இருவருக்கும் அந்த ஒரு நாள் ஞாபகம் வரவில்லை. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவளைப் பங்கு வைத்திருந்தோம். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரோஸ் மில்க் டம்ளரை எடுத்து நானே குடித்துவிட்டேன்.

“அது என்னோடது” என்றாள்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போடாமல் வக்கீலம்மாவிடம் போய் நின்றோம். அவர் பயந்துவிட்டார். “மறுபடியும் என்னங்க?” மகளின் அப்பாதான் சொன்னார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு: “கெணறு ஊற ஒரு நாள் உடோணுமுங்க. அமாவாசையை ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு எனக்கும் மொறை இல்லீங்க, அவியளுக்கும் இல்லீங்க. புள்ள இஷ்டம்.”

“கோர்ட்டு ஆர்டர்ல அமாவாசையெல்லாம் எழுத முடியாதுங்க. ஜட்ஜம்மா என்னைய வெளிய அனுப்பிப்போடுவாங்க. மாசத்துல கடைசி ஞாயிறுன்னு வெச்சுக்கலாம்.” எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். “இது யாரு யோசனை?”

மகளுடையது என்று நான் சொன்னேன். வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டு டிஷ்யூ டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைத்தான் துடைத்தார்.

கோர்ட்டில் ஜட்ஜம்மா எல்லாவற்றையும் படித்தார், அந்தக் கடைசி ஞாயிறு இருந்த இடத்தில் கொஞ்சம் நின்று படித்தார், இருவரையும் சம்மதமா என்று கேட்டார், முடித்துவிட்டார். மகளைக் கூப்பிடவே இல்லை. சட்டம் கேட்ட அவகாசமெல்லாம் முடிந்து தீர்ப்புக் காகிதம் வந்த அன்று ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அழுதேன். அழுது முடித்து மாவரைக்கப் போனபோதுதான் கிரைண்டர் இல்லை என்பது ஞாபகம் வந்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

முதல் கடைசி ஞாயிறு வந்தது. எனக்குள் ஒரு கள்ளத்தனமான நம்பிக்கை இருந்தது: சும்மா கேட்டாளே தவிர, என்னோடுதான் இருப்பாள் என்று. விடியற்காலையிலேயே எழுந்து ஆட்டுக்கறி எடுத்து வந்துவிட்டேன். அவள் மெதுவாக எழுந்தாள், குளித்தாள், கீழ் வீட்டில் அவளுடைய தோழி இருக்கிறாள், அங்கே போகிறேன் என்றாள். மதியச் சாப்பாடும் அங்கேதானாம். “நீ கூப்பிடக் கூடாது. அப்பாவும் போன் பண்ணக் கூடாது. சொல்லிட்டேன்.” கதவு சாத்திக்கொண்டது.

கறி வெந்தது. பால்கனியில் நின்றேன். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது, எதற்கென்று தெரியவில்லை. துவைத்த துணியை மறுபடியும் துவைக்கலாமா என்று யோசிக்கிற நிலைமைக்கு வந்தபிறகு வெள்ளகோவிலுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“கூப்பிட்டாளுங்களா?” என்றேன்.

“இல்லீங்களே. அங்க இல்லீங்களா?”

“கீழ் ஊட்டுல இருக்கறா. நான் ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துரட்டுங்களா? சும்மா, கறி குடுக்கற மாதிரி.”

வழக்கம்போல அந்தப் பக்கம் பேச்சில்லை. முன்பெல்லாம் அந்த மௌனத்துக்குத்தான் நான் பாத்திரத்தைத் தூக்கி எறிவேன். இப்போது எறிய முடியாத தூரத்தில் இருக்கிறாரே என்று காத்திருந்தேன்.

“வேண்டாமுங்க” என்றார் கடைசியில். “மோட்டாரப் போட்றாதீங்க.”

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தனியாகச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் மேலே வந்தாள். கையெல்லாம் ஸ்கெட்ச் பேனா மை. எதுவும் கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தேன். அவள் வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பேச ஆரம்பித்தாள். கீழ் வீட்டு நாய், கணக்கு டீச்சரின் புதுச் செருப்பு, வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை, அப்பா தோட்டத்துக் கிணற்றில் புறா கூடு கட்டியிருப்பது என்று பேசிக்கொண்டே போனாள். ஒரு வருஷமாக நான் தோண்டித் தோண்டிக் கேட்டும் ‘ம்’ என்பதற்கு மேல் வராத பிள்ளை. நான் மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டு கேட்டேன்.

நடுவில், அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள்: “ஜட்ஜ் என்னைய கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு நீ அம்மாயிகிட்ட போன்ல சொன்னியில்ல, அப்ப நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்.”

என் கை அவள் தலையில் அப்படியே நின்றுவிட்டது.

“எனக்கு வயிறெல்லாம் வலிச்சுது. அப்பறம் யோசிச்சு ஒண்ணு வெச்சுட்டேன். அம்மாவா அப்பாவான்னு கேட்டா, பரோட்டான்னு சொல்லிரலாம்னு.” மடியிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். “ஜட்ஜ் அத ஒத்துக்குவாங்களாம்மா?”

“ஒத்துக்குவாங்க சாமி” என்றேன்.